தடை செய்ய வேண்டியது ஹோஸ் பைப்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில் உத்தரவு போட்டது. 2025 பிப்ரவரியில் அதையே மீண்டும் பிறப்பித்தது. திரும்பத் தவறு செய்தால் 5,000 ரூபாயோடு நாளொன்றுக்கு 500 ரூபாய் சேரும். முதல் உத்தரவு வந்த மாதத்திலேயே 22 வீடுகளிடம் 1.1 லட்சம் ரூபாய் வசூலானதாகச் செய்தி வந்தது. தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் ஓட்டி, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவரும் காவிரித் தண்ணீரை மட்கார்டு சேறு கழுவக் கொட்டுவதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. நோக்கம் சரி. உத்தரவு எதைக் குற்றம் என்கிறது என்பதில்தான் கோளாறு.

அது தண்ணீரின் வகையைப் பார்க்கிறது. குடிநீர் என்றால் குற்றம், போர்வெல் நீரோ சுத்திகரித்த நீரோ என்றால் இல்லை. இந்த ஊர் வீடுகளின் குழாய் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே புரியும். காவிரி லைன், வீட்டு போர்வெல், டேங்கர் லாரி மூன்றும் பெரும்பாலும் ஒரே சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில்தான் விழுகின்றன. அங்கிருந்து மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும் அதே தண்ணீர்தான் குளியலறைக்கும் போகிறது, வாசல் குழாய்க்கும் வருகிறது. பைப்பைப் பிடித்து நிற்பவர் "இது போர்வெல் தண்ணி சார்" என்று சொல்லிவிட்டால் வாரிய ஊழியரால் அதை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. சொல்கிறவருக்கே நிச்சயமாகத் தெரியாது என்பது வேறு விஷயம். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நீட்டினாலும், கலந்த நீரில் அது காட்டும் எண்ணை வைத்து யார் மீதும் அபராதம் போட முடியாது.

அதனால் பயந்தவர்கள் தண்ணீரையே தொடாமல் காய்ந்த துணியால் காரைத் துடைத்துப் பெயின்ட்டைக் கெடுக்கிறார்கள். துணிந்தவர்கள் போர்வெல் பெயரைச் சொல்லி முன்போலவே பைப்பைத் திறந்துவிடுகிறார்கள். 2024 கோடையில் நகரத்தின் அரசு போர்வெல்களில் ஏறத்தாழ பாதி வற்றின என்பதை நினைத்தால், போர்வெல் தண்ணீர் இலவசம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

மற்ற ஊர்கள் இதை வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. சண்டிகரில் கோடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை ஹோஸ் பைப்பால் வாகனமும் முற்றமும் கழுவக் கூடாது. 2024 மே மாத வெயிலில் டெல்லி அரசு 2,000 ரூபாய் அபராதம் அறிவித்தபோதும் குழாய் போட்டுக் கார் கழுவுவதைத்தான் குறிப்பிட்டது. பிரிட்டனில் வறட்சிக் காலத் தடையின் பெயரே ஹோஸ் பைப் தடை. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு, ஆனால் வாளியும் ஸ்பாஞ்சும் வைத்துக் கழுவினால் குற்றமில்லை. பைப் தெருவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வீணாவதும் பைப்பால்தான். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரும். பிரஷர் பம்ப் இருந்தால் 20 லிட்டர்கூட வரும். சந்தேகம் உள்ளவர்கள் 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். சோப்பு தேய்க்கும்போது குழாயை மூடுபவர்கள் குறைவு. பைப் தரையில் கிடந்து ஓடிக்கொண்டே இருக்கும். கால் மணி நேரத்தில் 150 முதல் 225 லிட்டர் போய்விடும். இதில் காரைத் தொடுவது பாதிகூட இருக்காது. வீட்டு உபயோக பிரஷர் வாஷர் பார்வைக்குப் பெரிய ஆடம்பரமாகத் தெரிந்தாலும் நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில்தான் எடுக்கிறது, விசையை விட்டால் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் அடித்தால் 30 லிட்டர். ஆகவே தடையை "தானாக மூடிக்கொள்ளாத குழாய்" என்று எழுதினால் போதும்.

சரி, வாளித் தண்ணீரில் கார் சுத்தமாகுமா? ஆகும். சிறிய காருக்கு 20 லிட்டர் தாராளம், எஸ்.யூ.வி.க்கு 30. இந்த 20 லிட்டரைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்: செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப் ஸ்பிரேயரில் 5 லிட்டர், ஷாம்பு வாளியில் 7, வெறும் தண்ணீர் வாளியில் 8. ஸ்பிரேயர் புதிதாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்ததைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம்.

பானட் சூடு ஆறியிருக்க வேண்டும், கார் நிழலில் நிற்க வேண்டும். சூடான தகட்டில் ஷாம்பு தேய்ப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். முதலில் ஸ்பிரேயரால் கார் முழுக்க நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள். இதற்கு 2 லிட்டர் போதும். இந்த ஊர்த் தூசியில் கட்டட வேலை மணலும் சிமென்ட்டும் கலந்திருக்கிறது. ஊறாத தூசியின் மேல் துணியை ஓட்டினால் அது உப்புத்தாளின் வேலையைச் செய்யும். வெயிலில் பார்க்கும்போது பெயின்ட்டில் சிலந்தி வலைபோல் தெரியும் வட்டக் கீறல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

ஷாம்பு, காருக்கென்று விற்கும், அமிலமோ காரமோ இல்லாத நடுநிலை வகையாக இருக்கட்டும். அளவு பாட்டிலிலேயே இருக்கும். பலவற்றுக்கு 10 லிட்டருக்கு 10 மில்லி அளவில்தான் தேவைப்படும். நுரை நிறைய வந்தால்தான் சுத்தம் என்று கூடுதலாக ஊற்றுவது வழக்கம். நுரை கூடினால் அதை அலசக் கூடுதல் தண்ணீர் வேண்டும், பைப்பைத் திறக்கத் தோன்றுவதும் அப்போதுதான். துணி சோப்புத்தூள் காரமானது. அது மேலே இருக்கும் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும், சரியாகக் கரையாத குருணை பெயின்ட்டைக் கீறும். பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகை விட்டுவைக்காது.

மேலிருந்து கீழே வர வேண்டும்: கூரை, கண்ணாடிகள், பானட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியில் கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பரும். கீழ்ப்பகுதியில்தான் மணல் அதிகம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியை வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்த பிறகே ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். இரண்டு வாளி எதற்கு என்று கேட்பவர்கள், முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பார்க்கட்டும். தேய்ப்பது நேர்கோட்டில், அழுத்தாமல். ஒரு பகுதி காய்வதற்குள் ஸ்பிரேயரில் மிச்சமுள்ள 3 லிட்டரிலிருந்து சிக்கனமாக அடித்து, இன்னொரு காய்ந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்தத் துணிகளைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையூட்டிகள் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அவை தண்ணீரை உறிஞ்சாது, கண்ணாடியில் கோடு கோடாக எண்ணெய்த் திட்டு விடும்.

சக்கரத்தை முதலில் கழுவ வேண்டும் என்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். அவர்களிடம் தண்ணீர் நிறைய இருக்கிறது. வாளிக் கணக்கில் கழுவும்போது சக்கரத்தைக் கடைசியில் வைத்து, மிஞ்சிய ஷாம்புத் தண்ணீரையும் தனித் துணியையும் பயன்படுத்துவதே சிக்கனம். பிரேக் பேட் உதிர்க்கும் இரும்புத்தூள் ஒட்டிய அந்தத் துணி மறுபடி கதவுப் பக்கம் வரவே கூடாது. முடிந்ததும் காரை மெல்ல ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் அழுத்துங்கள். ஈரம் போகும், டிஸ்க்கில் மெல்லிய துரு படியாது.

இன்ஜின் அறைக்குள் தண்ணீர் அடிக்க வேண்டாம். ஆல்டர்னேட்டரிலும் ஒயர் கனெக்டர்களிலும் புகும் ஈரம் அன்றே தொந்தரவு தராது, சில வாரம் கழித்துப் பச்சை பூத்துக் கிளம்பும். அதற்குப் பதில், முன் கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கும் பள்ளத்தில் சேர்ந்த இலைகளைக் கையால் அள்ளுங்கள். அங்குள்ள வடிகால் துளை அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து காலடி விரிப்பு நனையும். கதவுகளின் அடி விளிம்பில் உள்ள சின்னத் துளைகளையும் ஒரு குச்சியால் குத்திவிடுவது நல்லது. கதவு துரு பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுக்ககங்களின் பேஸ்மென்ட்டில் நிறுத்துபவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. கான்கிரீட் தளத்தின் விரிசல் வழியே சொட்டும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து பானட்டில் வெள்ளைக் கோடாக உறையும். ஷாம்பு இதை அசைக்காது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நனைத்த துணியை ஒன்றிரண்டு நிமிடம் போட்டுவைத்து எடுத்து, உடனே அலசுங்கள். சுரண்டினால் கறையோடு பெயின்ட்டும் வரும்.

இனி எந்தத் தண்ணீர் என்ற கேள்வி. காருக்கு மிக உகந்தது மழைநீர். உப்பே கிடையாது, காய்ந்தால் புள்ளி விழாது. 30க்கு 40 அடி மனையில் ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் மழையில் சேதாரம் போக 700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அது 35 முறை கார் கழுவப் போதும். தூசியோடு வரும் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையை வெளியே விட்டுவிட்டு, மூடியுள்ள 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, அடியில் ஒரு குழாய் வைத்தால் வேலை முடிந்தது. போர்வெல் தண்ணீர் என்றால் துடைப்பதில் தாமதம் கூடாது. அதிலுள்ள கால்சியம் காய்ந்து கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொள்ளும். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் நீரைப் பிடித்துக் காருக்குப் பயன்படுத்துங்கள் என்ற யோசனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உள்ளே போவது 1,000 டி.டி.எஸ். போர்வெல் நீர் என்றால் வெளியே வருவது 1,300க்கும் மேல். சக்கரத்துக்கும் தரைவிரிப்புக்கும் சரி, பெயின்ட்டுக்கு வேண்டாம்.

அடுக்ககத்தின் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) நீர் தாராளமாகக் கிடைக்கிறது, வாரியமும் அதைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் அது எப்படி ஓடும் எஸ்.டி.பி. என்பதைப் பொறுத்தது. கலங்கலோ வாடையோ இருந்தால் தொட வேண்டாம். கிருமிகளைக் கொன்ற பிறகும் நீரில் மிஞ்சும் எச்சக் குளோரின் இருக்கிறதா என்று, சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டு நிறத்தை வைத்துப் பார்த்துவிடலாம். கையுறை போட்டு வாளியில் பயன்படுத்துவது சரி. பிரஷர் வாஷரிலோ ஸ்பிரேயரிலோ ஊற்றி அடிக்கக் கூடாது, அந்தச் சாரல் மூச்சில் போகும். காரின் உட்புறம் துடைக்கவும் அது ஆகாது.

உத்தரவில் அறவே இல்லாத விஷயம் ஒன்று உண்டு: கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? வாசலில் கழுவினால் அது பாதாளச் சாக்கடைக்குப் போவதில்லை. தெருவோர மழைநீர் வடிகாலில் இறங்கி, ராஜகால்வாய் எனப்படும் பெரிய வடிகால் வழியே சுத்திகரிப்பே இல்லாமல் ஏரிக்குப் போகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி நுரையில் பெரும்பங்கு வீட்டுக் கழிவுநீருடையது என்பது உண்மைதான். ஆனால் சோப்பும் எண்ணெயும் பிரேக் தூளும் கலந்த இந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட யாருக்கும் உரிமை இல்லை. தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் தேங்கினால் தாருக்கும் ஜல்லிக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகும். வீட்டு வாசல்களில் மட்டும் குழி விழுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 20 லிட்டரில் கழுவுபவர், வாளிகளில் மிஞ்சிய அழுக்குத் தண்ணீரைத் தூக்கிக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிடலாம். 200 லிட்டரில் கழுவுபவரால் அது முடியாது.

அடுத்த கோடை உத்தரவை எழுதும்போது வாரியம் மூன்று வரி சேர்க்க வேண்டும். தானாக மூடாத ஹோஸ் பைப்பால் எந்தத் தண்ணீரிலும் வாகனம் கழுவக் கூடாது. கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வீடுகள் உள்ள அடுக்ககங்கள், எஸ்.டி.பி. நீர்க் குழாயோடு கழுவுமிடம் ஒன்றை ஒதுக்க வேண்டும். அந்த இடத்தின் வடிகால், மண் படியும் தொட்டியும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் கடந்து எஸ்.டி.பி.க்கே திரும்ப வேண்டும். ஒரே வாளியில் பத்து கார் துடைக்கும் தினக்கூலித் தொழிலாளர்களுக்கு மாற்றுத் துணியும் இரண்டாவது வாளியும் வாங்கித் தருவது அடுக்ககச் சங்கங்களின் பொறுப்பு. அபராத ரசீதை அந்தத் தொழிலாளர்கள் கையில் திணிக்காமல் காரின் உரிமையாளர் பெயரில் எழுத வேண்டும் என்பதையும் உத்தரவிலேயே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.