ரவைக்கும் பாலுக்கும் ஒரே சொல்லா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைகளில் நடந்த சோதனை பற்றிய உங்கள் செய்தியில் ‘காலாவதியான ரவை, சேமியா, பால் பறிமுதல்’ என்று ஒரே வரியில் போட்டிருந்தீர்கள். குடியாத்தத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக மளிகைக்கடை நடத்துகிறவன் நான். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்ததைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். தேதி தாண்டிய சரக்கை விற்பதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கடைக்காரன் விற்கக்கூடாது, அவ்வளவுதான். வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பாக்கெட்டை என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

போன மாதம் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் பிரிக்காத சேமியா பாக்கெட்டுகள் நான்கைக் கொண்டுவந்து, ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று போட்ட தேதி போய் ஐந்து நாளாகிவிட்டது, குப்பையில் போடவா என்று கேட்டார். ஒரு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வண்டு இல்லை, கூடு இல்லை, ஈரம் பட்டுக் கட்டிக்கொள்ளவும் இல்லை. வறுத்துப் பாயசம் வையுங்கள் என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அதே பெண்மணி, மூலையைக் கத்தரித்துத் திறந்த டெட்ரா பாக் பாலை ஒரு வாரமாக ஃபிரிட்ஜில் வைத்துத் தேநீருக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஏன் என்றால், அதில் தேதி இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம்! அந்தத் தேதி திறக்காத பெட்டிக்கு மட்டும்தான். திறந்த நிமிடமே அது சாதாரணப் பால். ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டியது. தூக்கி எறிய வேண்டியது எது, வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று அவர் வீட்டில் நேர் தலைகீழாக நடக்கிறது. அவரை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பாக்கெட்டில் இருப்பவை உண்மையில் இரண்டு வகைத் தேதிகள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அதுவரை மொறுமொறுப்பும் மணமும் சொன்னபடி இருக்கும் என்று கம்பெனி தரும் வாக்கு. அந்த நாளுக்குப் பிறகும் உணவு முழுக்கப் பாதுகாப்பாகவே இருக்கலாம், தரம்தான் குறைந்திருக்கலாம் என்று 2011ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதியே விளக்கம் சொன்னது. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ வேறு சங்கதி. அது தாண்டினால் விற்கவும் கூடாது, சாப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். இதில் கூத்து என்னவென்றால், 2020ஆம் ஆண்டின் புதிய விதிகள் எக்ஸ்பைரி தேதியைக் கட்டாயமாக்கி, பெஸ்ட் பிஃபோரை விருப்பம்போல் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டன. ‘பாக்கெட் செய்ததிலிருந்து ஒன்பது மாதம்’ என்று படித்துவிட்டு வாடிக்கையாளர்கள் என் கல்லாவுக்கு முன்னால் விரல் மடக்கி எண்ணிய காலம் போனது நல்லதுதான். ஆனால் இப்போது ரவையும் பன்னீரும் ஒரே மிரட்டலோடு வந்து நிற்கின்றன.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிரிக்காத பிஸ்கட், சேமியா, ரவை போன்ற ஈரமில்லாத சரக்குக்குப் பெஸ்ட் பிஃபோர் தேதி சில நாள் போனால் பெரும்பாலும் சுவைதான் போகும். எண்ணெயில் பொரித்தவற்றில் சிக்கு வாடை வரும், அதை மூக்கே சொல்லிவிடும். வேர்க்கடலையில் மட்டும் விளையாட வேண்டாம். பூஞ்சை பிடித்தால் அதில் சேரும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பால், பன்னீர், வெட்டிப் பதப்படுத்திய இறைச்சி இவற்றிலோ மூக்கை நம்பிப் பயனில்லை. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், வாடையும் காட்டாது. உப்பிய டின்னைத் தேதி பார்க்காமலே எறியுங்கள். குழந்தைகளுக்கான பால் மாவில் ஒரு நாள்கூடத் தாண்டக்கூடாது. தயிரைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். புளித்தால் மோர்க்குழம்பு என்று வளர்ந்தவன், என் பேச்சு நடுநிலையாக இருக்காது.

தேதிக்கு உள்ளேயே கெடுவதும் உண்டு. ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று அச்சிட்ட பெட்டி, அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர்த் தகரக் கூரைக் கிடங்கில் கிடக்கிறது. அதை ஏற்றி வந்த வேன் எந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றதோ? ஒருமுறை ஒரு சிறுவன் வெள்ளை பூத்த சாக்லேட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, பூஞ்சை என்று அழுதான். அது வெயிலில் உருகி மறுபடி இறுகியபோது மேலே வந்த கொக்கோ வெண்ணெய். தின்னலாம், தொந்தரவில்லை. அவனுக்கு வேறொன்று கொடுத்து அனுப்பிவிட்டு, அதை நான் தின்றேன்.

2010இல் சென்னையில் காலாவதி மருந்துகளுக்குத் தேதி மாற்றி விற்ற கும்பல் பிடிபட்டபோதே இந்தச் சொல்லுக்கு விஷத்தின் நாற்றம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் ‘கெடு’ என்றால் தவணை, அதே ‘கெடு’ என்றால் கெட்டுப்போவது. மொழியே நம்மைக் குழப்பும்போது பத்திரிகையாவது பிரித்து எழுத வேண்டாமா? பெஸ்ட் பிஃபோருக்குத் ‘தர நாள்’ என்றோ வேறு எப்படியோ ஒரு பெயர் வையுங்கள். காலாவதி என்பதைப் பாலுக்கும் மருந்துக்கும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சோதனைச் செய்தி எழுதும் உங்கள் நிருபர், கடைக்குள் அந்தச் சரக்கு ஏன் தேங்குகிறது என்றும் ஒருமுறை கேட்கட்டும். ஏஜென்சிக்காரர்கள் பாதித் தேதி ஓடிய பெட்டியை இறக்கிவிட்டுப் போகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம் என்கிறார்கள். என் கடையின் பின்கட்டில், ‘விற்பனைக்கு அல்ல’ என்று நான் பேனாவால் எழுதிக் கட்டி வைத்த பிஸ்கட் பெட்டி ஒன்று இருக்கிறது. ஏஜென்சிக்காரர் வியாழக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்று வியாழக்கிழமை போய்விட்டது.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர்,
குடியாத்தம்.