என் பதிலையும் சேர்த்துச் சந்தேகப்படு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் அழுதபோது கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தருக்குக் கால் கிலோ துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது மதியம் இரண்டரை. வெயிலில் தெருவே காலியாகக் கிடக்கிறது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன், தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. எட்டு வார இன்டர்ன்ஷிப்பில் நாலு வாரம் முடிந்து, நடுவில் வைக்கிற ரிவ்யூவில் உன்னைக் கிழித்துவிட்டார்கள். மும்பை குர்லாவில் 140 கடை ஏறி இறங்கி, கடைக்காரர்கள் சரக்குக்கு ஆர்டர் போடுகிற கம்பெனி ஆப் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். முக்கால்வாசிப் பேர் "நன்றாக இருக்கிறது, நாங்களேதான் ஆர்டர் போடுகிறோம்" என்றிருக்கிறார்கள். ஆனால் சேல்ஸ்மேன் லீவு எடுத்த வாரம் ஆப் ஆர்டரும் லீவு. அது எப்படி என்று மேனேஜர் கேட்டார், நீ முழித்தாய். ஃபாரத்தையெல்லாம் ரூமில் உட்கார்ந்து நீயே நிரப்பினாயா என்று அவர் கேட்டுவிட்டார்.

நீ நிரப்பவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பதிலை நானே சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மே மாதம், சேல்ஸ்மேன் கூட ஒரு பையன் வந்தான். கழுத்தில் அட்டை, சட்டையெல்லாம் வியர்வை, கையில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர். இருபது கேள்வி. மாதம் எவ்வளவு வியாபாரம் என்று முதல் கேள்வியிலேயே ஆரம்பித்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து, அட்டை மாட்டிக்கொண்டு தொகை கேட்கிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பாதியைச் சொன்னேன். அடுத்து, "ஏப்ரல், மே மாதத்தில் உங்கள் கடையில் எங்கள் சரக்கு ஏன் குறைகிறது?" என்றான்.

பதில் உனக்குத் தெரியும். ஸ்கூல் லீவில் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து கடன் நோட்டு எழுதினவள் நீ. ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். பாட்டில் ஷாம்பூ வாங்கின வீடு சாஷேவுக்கு இறங்கும், சாஷே வாங்கின வீடு கடன் சொல்லும். இதை அவனுக்கு விளக்கப் பத்து நிமிஷம் ஆகும். அவன் பின்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பால் பாக்கெட்டுக்கு நின்றிருந்தாள். "போட்டி அதிகம் தம்பி" என்றேன். அவன் அதை அழகாக எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அது எந்த ஆபீஸில் எந்த ஸ்லைடில் ஏறியதோ தெரியாது. ஆனால் அடுத்த வருஷத் தடைக்காலத்தில் நம் ஏரியாவுக்கு ஒரு ஸ்கீம் வந்தது பார், பெரிய பாட்டில் இரண்டு எடுத்தால் ஒரு சோப்பு இலவசம்! தடைக்காலத்தில் பெரிய பாட்டில்! ஒன்றுகூட நகரவில்லை. சோப்பை மட்டும் உன் அம்மா எடுத்துக்கொண்டாள்.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையனிடம் நானும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொன்னேன். நடப்பது வேறு. செவ்வாய்க்கிழமை நம் லைன், அதாவது சேல்ஸ்மேன் நம் பக்கத்துக் கடைகளைச் சுற்றி வரும் நாள். சேல்ஸ்மேன் வருவார், என் போனை வாங்குவார், நான் அலமாரியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவரே அழுத்துவார். ஓடிபி வந்தால் சொல்வேன். ஆப்பில் இத்தனை ஆர்டர் வந்தால்தான் அவருக்கு இன்சென்டிவ். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவர்தான் அழுத்துகிறார்" என்று யார் போட்டுக்கொடுப்பார்கள்?

நானே அழுத்தினால் என்ன என்று கேட்பாய். அழுத்துவதற்காகவா அவர் எனக்கு வேண்டும்? போன வாரத்துப் பில்லுக்கு இந்த வாரம் காசு, அதுதான் வழக்கம். தம்பிக்குக் காய்ச்சல் வந்த வாரம் கல்லாவில் 2,000 ரூபாய் குறைந்தது. "அடுத்த வாரம் சேர்த்துக் கொடுங்க அண்ணாச்சி" என்று சரக்கை இறக்கிவிட்டுப் போனார். எலி கடித்த பாக்கெட், தேதி முடிந்த பிஸ்கட், எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய் ஏஜென்சியில் சண்டை போட்டுக் கழித்துத் தருவார். ஆப்பிலும் அதற்கு இடம் இருக்கிறது, இரண்டு தடவை போட்டோ எடுத்துப் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

இதெல்லாம் உன் ஃபாரத்தில் எந்தக் கட்டத்திலும் வராது. வாயைக் கேட்டால் பொய்தான் வரும். சிக் ஷாம்பூ ஆரம்பித்த கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதனை எனக்கு அதனால்தான் பிடிக்கும். 1983இல் 15,000 ரூபாயோடு இறங்கியவர். எந்த ஷாம்பூவாக இருந்தாலும் ஐந்து காலி சாஷே கொண்டுவா, ஒரு சிக் இலவசம் என்றார். விற்கிற தந்திரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் எதை வாங்குகிறார்கள் என்று ஒருவரையும் கேட்கவே வேண்டாம், கிழித்த உறை கைக்கு வந்துவிடும்.

நீயும் உறையைக் கேள். மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் போ, சேல்ஸ்மேன் இல்லாமல் தனியாக. கல்லாவுக்கு நேராக நிற்காதே, ஓரமாக நில். முதலில் ஏதாவது ஒன்று வாங்கு. "ஆப் எப்படி இருக்கிறது" என்று கேட்காதே, "கொஞ்சம் திறந்து காட்டுங்க" என்று கேள். ஆப்பின் படம் எது என்று அவர் போனில் தேடினாரானால் உன் பதில் கிடைத்துவிட்டது. முடிந்தால் ஒரு மதியம் தாராவிக்கும் போ. நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் அங்கே நிறைய. உன் ஏரியா இல்லைதான், கணக்கில் சேராது, ஆனால் தமிழில் அரை மணி நேரம் பேசினால் எதைக் கேட்க வேண்டும் என்று பிடிபடும். அப்பா சொன்னார் என்று ஸ்லைடில் போட்டுவிடாதே. ஒரு கடை ஆதாரம் ஆகாது. அதுவும் ஏற்கெனவே ஒருவனிடம் பொய் சொன்ன கடை.

இதில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. முதல் நாள் உனக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்து, பைக்குகள் இடிக்காமல் முன்னால் நடந்து போனாரே அந்த சேல்ஸ்மேன், அவரும் இப்படித்தான் அழுத்திக்கொண்டிருப்பார். நீ உண்மையை எழுதினால் முதலில் அடி விழுவது அவர் மேல்தான். அதனால் நடப்பதை எழுது, ஆளை எழுதாதே. லைன் வாரியாகப் பிரிக்காமல் எல்லாக் கடையையும் மொத்தமாகக் கூட்டிச் சொல். எந்த லைன் என்று மேனேஜர் கேட்பார். அப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

இதனால் இன்டர்ன்ஷிப் முடிவில் கம்பெனி கொடுக்கிற அந்த வேலைக் கடிதம், அந்தப் பிபிஓ, வராமல் போனாலும் போகட்டும். அம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லாதே. வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மனிடம் "பிபிஓ, பிபிஓ" என்றே வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மனுக்குப் புரிந்திருக்கும்.

இன்று செவ்வாய் என்பதையே மறந்துவிட்டேன். வண்டி வந்து நின்றாயிற்று. "அண்ணாச்சி, போனைக் கொடுங்க" என்கிறார். கொடுத்துவிட்டேன். அவர் முடித்த பிறகுதான் தம்பி இதைப் போட்டோ எடுக்க முடியும். ஓடிபி வந்துவிட்டதாம், இரு.

அப்பா