ஒட்டிசம் என்று எழுதுமுன் முன்பள்ளியையும் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கோண்டாவிலில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு தாயின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். என் முன்பள்ளிக்கு வரும், பேச்சுப் பிந்திய அவருடைய மகனைத் தனியார் இடமொன்றில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'ஒட்டிசம்' (பழகுவதிலும் கதைப்பதிலும் சிரமம் தரும் வளர்ச்சி நிலை) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாமியாரோ, "இவன்ரை தகப்பனும் நாலு வயதிலைதான் கதைச்சவன், விடு பிள்ளை" என்கிறாராம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் அவனுக்கு மனப்பாடம். பத்தாம் நாள் மஞ்சம், 24 தேர், 25 தீர்த்தம் என்று கேட்காமலே சொல்வான். அதற்காக ஒட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பக்கத்துப் பிள்ளை விழுந்து அழுதாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஒலிபெருக்கி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தவர் என்னிடம் கேட்கவேயில்லை.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ ஒட்டிசத்தைக் காட்டாது. பிள்ளையைக் கவனித்தும் வளர்ப்பவர்களிடம் கேட்டும்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட அளவுகோல் பழகுவதிலும் கதைப்பதிலும் உள்ள சிரமம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும் என்கிறது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்காதது, ஒரே விடயத்தில் மூழ்குவது, சத்தம் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறிக் கூசுவது அல்லது உணராமலே இருப்பது ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். எல்லாம் சிறுவயதிலேயே தொடங்கி அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். வீட்டையும் முன்பள்ளியையும் கேட்காமல் இதை எப்படி அறிவது? பேச்சுப் பிந்திய பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை.

பெண்பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்துகொண்டு மூலையில் இருப்பவளை, அவளுக்கும் ஒட்டிசம் இருக்கலாம் என்று நினைக்காமல், 'அடக்கமான பிள்ளை' என்று விட்டுவிடுகிறோம்.

பிள்ளையை கிளினிக்குக்கு அனுப்பும்போது ஆசிரியை தான் கண்டதை ஒரு பக்கமாவது எழுதிக் கொடுக்க வேண்டும். வைத்தியர்களும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மாகாணக் கல்வி, சுகாதாரத் திணைக்களங்கள் சேர்ந்து இதற்கொரு தமிழ்ப் படிவம் தயாரித்து எல்லா முன்பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். பெற்றாருக்கும் ஒன்று: முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

முன்பள்ளி ஆசிரியை,
கோண்டாவில்.