இரண்டு சிற்றப்பாக்களின் வழக்கு

லெஸ்டர்,
பிப்ரவரி 22.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமை மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கணுக்கால் எலும்பு ஒழுங்காகக் கூடியிருக்கிறது என்றும், இன்னும் இரண்டு வாரம் ஊன்றுகோலுடன் நடந்தால் போதும் என்றும் மருத்துவர் சொன்னார். தொலைபேசியில் அம்மா கேட்பதெல்லாம் காலைப் பற்றி. நீங்கள் கேட்பதெல்லாம் என்ன படித்தாய் என்பதைப் பற்றி. அம்மாவுக்கான விடை முடிந்துவிட்டது. உங்களுக்கான விடைக்குத் தொலைபேசி போதாது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் என்னை விழவைத்த பனியை இங்கே ‘கறுப்புப் பனி’ என்கிறார்கள். அதற்கு நிறமே கிடையாது. கண்ணாடிபோல் மெல்லியதாக உறைந்து, அடியில் இருக்கும் தார்ச்சாலையின் கறுப்பை அப்படியே காட்டுவதால், வெறும் ஈரம் என்று நினைத்துக் கால் வைத்துவிடுகிறோம். அதன் பிறகு ஐந்து வாரம் மாடியறையிலேயே கிடந்தேன். நூலகத்துக்கும் எனக்கும் இடையே போய் வந்தவர் வீட்டுக்காரம்மாதான். அவர் குஜராத்திக்காரர், 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியபோது பத்து வயதுச் சிறுமியாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். செவ்வாய்தோறும் காய்கறி வாங்கும் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போவார். புத்தகம் எடுப்பதில் அவருக்கு ஒரே கொள்கைதான்: சும்மா கொடுப்பது கனமாக இருக்க வேண்டும். முப்பது ஆண்டு நூலகராக இருந்த உங்களுக்கு இன்னொரு செய்தி. இங்கே பொது நூலகங்களில் புத்தகம் இரவல் போகும் கணக்கைப் பார்த்து, இரவலுக்குச் சில பென்ஸ் வீதம் எழுத்தாளருக்குக் கொடுக்கிறார்கள்; 1979இல் அதற்கென்றே சட்டம் இயற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் வீட்டு வரியோடு கட்டும் நூலக வரியைப் பற்றி நீங்கள் இப்போது முணுமுணுப்பது என் காதில் விழுகிறது.

முதல் வாரம் அகதா கிறிஸ்டியில் கழிந்தது. 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலை நான் கல்லூரியில் படித்தபோது வெறும் கதையாகத்தான் படித்தேன். மருந்தகத்தில் இத்தனை ஆண்டு நின்ற பிறகு படித்தால் அது வேறு புத்தகமாக இருக்கிறது. முதல் உலகப் போரின்போது டார்க்கி நகரத்து மருத்துவமனையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர் அவர். அந்த நாவலில் வரும் நஞ்சு ஸ்ட்ரிக்னின், அதாவது நம் எட்டிக்கொட்டையில் இருப்பது. அந்தக் காலத்தில் அதை மிகச் சிறிய அளவில் சத்து மருந்தாகக் கொடுப்பார்கள். அந்தப் புட்டியில் ப்ரோமைடு உப்பைக் கலந்துவிட்டால், நஞ்சு சிறு படிகங்களாகப் பிரிந்து மெல்ல அடியில் படிந்துவிடும். நோயாளி நாள்தோறும் ஒரு வேளை மருந்தை நல்லபடியாகக் குடித்துவந்து, கடைசி வேளையில் மொத்த நஞ்சையும் விழுங்குவார். கொலையாளி அருகில் இருக்கவே தேவையில்லை. மருந்தாளுநர்களின் பத்திரிகையே அந்த நாவலைப் பாராட்டி எழுதியதாம். ‘நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’ என்ற சீட்டை நாளுக்கு நாற்பது முறை ஒட்டும் நான் இனி அதை அலட்சியமாக ஒட்ட மாட்டேன். கொன்ற முறையைத்தான் சொல்லியிருக்கிறேன், ஆளைச் சொல்லவில்லை. எனவே கோபிக்காமல் தேடிப் படியுங்கள்.

வலி அதிகமாக இருந்த நாட்களுக்கு வுட்ஹவுஸ். ஒரு பிரபு, அவர் உயிருக்கு உயிராக வளர்க்கும் பரிசு வாங்கிய கொழுத்த பன்றி, அதைத் திருடி ஒளித்துவைக்கும் அவருடைய சகோதரி மகன், இவ்வளவுதான் கதை. இதற்கு முந்நூறு பக்கமா என்று வீட்டுக்காரம்மா கேட்டார். தேவனின் துப்பறியும் சாம்புவை நீங்கள் உரக்கப் படிக்க, அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு இவரிடமும் கிடைக்கிறது. ஆனால் சாம்பு அசடு என்பதில் ஒரு பரிவு இருக்கிறது. இங்கே பரிவு முழுவதும் பன்றிக்கே.

எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லைப் பற்றி ஹிலாரி மான்டெல் எழுதிய நாவல் 2009இல் புக்கர் பரிசு பெற்றது. நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருப்பதாலும், ‘அவன்’ என்றால் பெரும்பாலும் கிராம்வெல்தான் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியிருப்பதாலும், முதல் நூறு பக்கம் பொறுமையைச் சோதித்தது. அதற்குப் பிறகு கீழே வைக்க முடியவில்லை. அதே மன்னனிடம் அமைச்சராக இருந்த, கத்தோலிக்கர்கள் புனிதராக வணங்கும் தாமஸ் மூர் அதில் அவ்வளவு புனிதராக இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடி வருவார்.

இப்போது நான் எழுத வந்த புத்தகத்துக்கு வருகிறேன். ஜோசஃபின் டே என்ற புனைபெயரில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரத்துப் பெண்மணி ஒருவர் எழுதி 1951இல் வெளிவந்த துப்பறியும் நாவல் அது. கால் முறிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் காவல்துறை அதிகாரி பொழுது போகாமல் ஓர் ஓவியத்தைப் பார்க்கிறார். குற்றவாளியின் முகமல்ல, நீதிபதியின் முகம் என்று நினைக்கிறார். பிறகுதான் அது தன் அண்ணன் மகன்கள் இருவரையும் லண்டன் கோபுரச் சிறையில் கொன்றதாகப் பழி சுமக்கும் மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் என்று தெரிகிறது. படுத்தபடியே அந்த வழக்கை விசாரிக்கிறார். எல்லாப் பாடநூல்களும் தாமஸ் மூர் எழுதியதையே நம்புகின்றன. ஆனால் ரிச்சர்ட் 1485இல் போர்க்களத்தில் செத்தபோது மூருக்கு வயது ஏழு. அவர் எழுதியது கேள்விப்பட்டது, அதுவும் ரிச்சர்டின் எதிரிகளிடம் கேள்விப்பட்டது. அண்ணன் பிள்ளைகளுக்கு அரசுரிமை இல்லை என்று நாடாளுமன்றம் 1484இல் இயற்றிய சட்டத்தை, அடுத்து வந்த ஏழாம் ஹென்றி வாசிக்கக்கூட விடாமல் நீக்கி, படிகளையெல்லாம் அழிக்கச் சொன்னான். இந்தக் காவல்துறைக்காரருக்கு வரலாற்று ஆசிரியர்கள்மேல் நம்பிக்கையே இல்லை. கணக்கு ஏடுகளைக் கொண்டுவா என்கிறார்.

காலில் கட்டுடன் இதை லெஸ்டரில் படிப்பவளின் நிலையைச் சொல்ல வேண்டுமா? ரிச்சர்டின் எலும்புகளைச் சோர் ஆற்றில் வீசிவிட்டார்கள் என்று இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 2012இல் பல்கலைக்கழகத்தார் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது, பழைய மடத்துக் கோயில் இருந்த இடத்தில், அவசரமாக வெட்டிய சிறிய குழியில் கிடைத்தன. அவருடைய தமக்கையின் வழிவந்த ஒரு மரவேலைக்காரரின் மரபணுவோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்கள். 2015இல் மறுபடி அடக்கம் செய்தபோது சவப்பெட்டியைச் செய்தவரும் அவரே. ரிச்சர்டை ஆதரித்தவர்களில் பலர், கூன் என்பதே எதிரிகள் கட்டிய கதை என்று வாதாடிவந்தார்கள். எலும்புக்கூட்டின் முதுகெலும்போ பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. கூன் இல்லை, ஒரு தோள் மட்டும் உயர்ந்திருந்திருக்கும். ஆக, பழியில் பாதி பொய், பாதி மெய். நேற்று வீட்டுக்காரம்மாவின் துணையோடு கதீட்ரலுக்குப் போய்ச் சமாதியைப் பார்த்தேன். வெளிர்நிறக் கல், அதில் சிலுவையை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள், வெட்டின் ஓரங்களில் வெளிச்சம் தேங்கி நிற்கிறது. என் ஊன்றுகோல் தரையில் எழுப்பிய ஓசை வெட்கமாக இருந்தது.

என்னைக் கேட்டால் அந்த நாவலாசிரியர் நல்ல துப்பறிவாளர், ஆனால் நடுநிலையான நீதிபதி அல்லர். அவர் ரிச்சர்டின் வக்கீல். 1483 கோடைக்குப் பிறகு அந்தப் பையன்களை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, அப்போது அவர்கள் இருந்தது சிற்றப்பாவின் காவலில் என்பதை அவர் வேகமாகக் கடந்துவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. அந்தச் சோழர் கல்வெட்டு இருக்கும் உடையார்குடிக் கோயில் சுவரருகே என்னையும் தம்பியையும் நிறுத்தி, ‘உத்தம சோழனுக்குத் தெரியாமல் ஆதித்த கரிகாலன் செத்திருக்க முடியாது’ என்று நீங்கள் தீர்ப்புச் சொன்ன நாள். வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியார் கட்சி நீங்கள்; உத்தமன்மேல் பழி இல்லை என்ற பண்டாரத்தார் கட்சி நான். இங்கும் சிற்றப்பா, அங்கும் சிற்றப்பா. கரிகாலனுக்கும், பின்னாளில் இராஜராஜன் ஆன அவன் தம்பி அருள்மொழிக்கும் சிற்றப்பா முறையாகும் உத்தம சோழன் அரசாண்ட ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் கொலையாளிகள்மேல் நடவடிக்கை எடுத்ததாகச் சான்று இல்லை, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில்தான் கல்வெட்டு பேசுகிறது என்பது உங்கள் வாதம். ஆனால் அப்பா, அந்தக் கல்வெட்டு தண்டனை விதித்த தீர்ப்பு அல்லவே! துரோகிகளின் உறவினர் சொத்தைப் பறித்து விற்பது பற்றிச் சபைக்குப் போன ஆணை அது, அந்தக் காவல்துறைக்காரர் கேட்ட கணக்கு ஏட்டைப் போன்றது. அதற்கு முன்பு என்ன நடந்தது என்று அது சொல்லவில்லை. சொல்லாததை உத்தமன் தலையில் கட்டுவது நியாயமா? சிற்றப்பன் அரசை விரும்பியதால் அருள்மொழி விட்டுக்கொடுத்தான் என்று சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடு இராஜேந்திரன் காலத்தது. அது நமக்குத் தாமஸ் மூர். இராஜராஜன் தன் சொந்த மகனுக்கே மதுராந்தகன் என்று உத்தமனின் பெயரை வைத்ததையும் யோசியுங்கள். தாத்தா பைண்டு செய்து வைத்த ‘பொன்னியின் செல்வ’னில்கூட, பழி சுமந்த அந்த மனிதனை நேராக அரியணையில் ஏற்ற மனம் வராமல்தானே கல்கி ஆளையே மாற்றிவிட்டார்? அந்தத் தொடர் 1950 அக்டோபரில் தொடங்கியது, இந்த ஆங்கில நாவல் மறு ஆண்டு வந்தது என்பதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு வழக்கையும் விளக்கினேன். ரிச்சர்டைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. உடையார்குடி விவரத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கம்பாலாவில் அவருடைய அப்பாவுக்குத் துணிக்கடை இருந்ததாம். பூட்டிய சாவியைப் படைவீரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறார்கள். கொலை செய்தவன் யாரோ இருக்கட்டும், அந்த உறவினர்களின் நிலத்தை வாங்கியது யார் என்று கேட்டார். நான் விழித்தேன். இத்தனை ஆண்டுச் சண்டையில் நாம் இருவரும் அதைப் பேசியதே இல்லை. உங்கள் பச்சை அட்டைக் குறிப்பேட்டில் கல்வெட்டின் முழு வாசகமும் இருக்குமே, அதைப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவர் செவ்வாய்க்கிழமை கேட்பார்.

அம்மாவிடம் காலில் வீக்கம் வடிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்