ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பௌத்தர்களின் வெசாக் நெருங்கினால் தன்சலுக்கென்று, அதாவது இலவசமாக உணவும் பானமும் வழங்கும் பந்தலுக்கென்று, வீதியில் வாகனங்களை மறித்துக் காசு கேட்பது பற்றிச் செய்தி வந்துவிடும். கொழும்பின் முருகன் தேர்த் திருவிழாவான ஆடிவேலுக்குக் காலி வீதியோரம் தண்ணீர்ப்பந்தல் போடுவோரும், வெள்ளம் வந்தால் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் உண்டியல் ஏந்துவோரும் நம்மவர்கள்தான். மறிப்பது பிழை, அதில் இரண்டாம் பேச்சில்லை. உண்டியலில் விழுந்த காசு அன்று மாலை எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

இந்த நாட்டுக்கு இது பழைய கேள்வி. பிரித்தானியர் ஆட்சியில், முதலாம் உலகப் போர் நினைவு நாளான நவம்பர் 11இல் இங்கே விற்ற பொப்பி மலரின் வருமானத்தில் பெரும்பகுதி பிரித்தானியப் படையினருக்கே போனது. இலங்கையிலிருந்து போருக்குப் போய் வந்தவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பம். அதை எதிர்த்தே, பொப்பிக்குப் பதிலாகச் சூரியமல் பூவை விற்கும் சூரியமல் இயக்கம் 1931இல் பிறந்தது. சூரியமல் என்பது நம் வேலியோரப் பூவரசம்பூதான். 1933இலிருந்து இடதுசாரி இளைஞர்கள் அந்த இயக்கத்தைக் கையிலெடுத்தார்கள். 1934-35இல் மலேரியா ஊர்களைச் சூறையாடியபோது மருந்தும் உணவும் கொண்டுபோனவர்களில் அந்தத் தொண்டர்களும் இருந்தார்கள்.

இனி உண்டியல். திருகு மூடிப் பிளாஸ்டிக் போத்தல் வேண்டவே வேண்டாம். தகரப் பேணியாக இருக்கட்டும். வாய் மடித்த தாள் நுழையும் அளவு, விரல் நுழையாத அளவு. மூடியும் பேணியும் சேரும் இடத்தில் கடதாசி ஒட்டி, இருவர் பாதிக் கையெழுத்து மூடியிலும் பாதி பேணியிலும் விழும்படி இட வேண்டும். ஒவ்வொரு பேணிக்கும் இலக்கம். எந்த இலக்கம், யார் கையில், எந்த வீதிக்கு, எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். பத்துப் பேணி போய் ஒன்பது திரும்பினால், கொப்பி இல்லாத இடத்தில் அது எவருக்கும் தெரியவே வராது.

திறப்பது அன்று மாலையே, எல்லோர் முன்னிலையிலும். சேர்த்தவர் எண்ணக்கூடாது, வேறு இருவர் எண்ண வேண்டும். தாள்களை வகைவகையாகப் பிரித்து, ஒருவர் எண்ணியதை மற்றவர் மீண்டும் எண்ணி, பேணி இலக்கத்துக்கு நேரே தொகையை எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். சில்லறையைப் பிறகு எண்ணலாம் என்று பையில் கட்டி ஒருவர் வீட்டில் வைப்பதுதான் வழமையான சறுக்கல். மாதங்கள் போனபின் அந்தப் பையில் எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. தொண்டர்களின் தேநீர், ஓட்டோக் கூலி, பதாகைச் செலவு எல்லாவற்றையும் உண்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டு மீதியை எண்ணுவது. பெரும்பாலும் களவு செய்யும் நோக்கம் அதில் இல்லை, அவசரம்தான். ஆனால் சேர்ந்த மொத்தம் அந்தக் கணமே அழிந்துவிடுகிறது. சேர்ந்ததை முழுதாக அடுத்த வேலைநாளில் வங்கியில் போட்டு, செலவைத் தனியே பற்றுச்சீட்டோடு எடுக்க வேண்டும். கணக்கு சங்கத்தின் பெயரில், இரண்டு கையெழுத்தோடு இருக்கட்டும். தனியாள் ஒருவரின் கணக்கிலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அனுப்பியவர் நல்லவராக இருந்தாலும் காசு போடத் தயங்குங்கள். கியூஆர் ஒட்டியிருந்தால், திரையில் வரும் பெயரைப் பார்த்த பின்பே உறுதி செய்யுங்கள். ஒன்றின்மேல் இன்னொன்றை ஒட்டுவது மிகச் சுலபம்.

செலவைச் சரிபார்க்கக் கணக்காளர் தேவையில்லை, சமையல் தெரிந்தவர் போதும். ஆயிரம் பேருக்குத் தேசிக்காய்த் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 150 மில்லிலீற்றர், ஆக 150 லீற்றர். லீற்றருக்கு 100 கிராம் சீனி போட்டால் 15 கிலோ. லீற்றருக்கு மூன்று தேசிக்காய் என்றால் 450. சிந்துவதற்கும் கெடுவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். ஐம்பது கிலோ சீனி வாங்கியதாகச் சீட்டு இருந்தால், மீதி எங்கே என்று கேட்பது யாரையும் அவமதிப்பதல்ல. ஐஸ் கட்டியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். மீனுக்குப் போடும் ஐஸ் குடிதண்ணீரில் செய்ததாகவே இருக்க வேண்டுமென்றில்லை. கலக்கிய பானத்தை அதன்பின் யாரும் கொதிக்க வைக்கப்போவதுமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பதியச் சொல்வது இதனால்தான்.

மீதிக் காசு என்ன ஆகும் என்பதைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே பதாகையில் எழுதிவிட வேண்டும். பந்தல் கழற்றிய பிறகு கூடித் தீர்மானிக்கப் போனால் சங்கமே இரண்டாகும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆடிவேல் முடிந்த வாரம், தண்ணீர்ப்பந்தல் நடத்தியவர்கள் அனுப்பும் கணக்கை அரைப் பக்கத்தில் இலவசமாக வெளியிடுங்கள். பந்தலின் பெயர், வரவு, செலவு, மீதி, மீதி போன இடம்: ஒரு பந்தலுக்கு இரண்டு வரி போதும். முதல் வருடம் நான்கு பந்தல்கள் அனுப்பினாலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.