கோவை டவுன் பஸ்களின் நேர அட்டவணையைப் பொதுத் தரவாக வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
கோவைப் பேருந்துத் தடங்களை வரைபடமாக்கும் பணியில் உள்ளோர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: அரசு, தனியார் டவுன் பஸ்களின் தடம், நிறுத்தம், நேரம் ஆகியவற்றை ஒரே ஜிடிஎஃப்எஸ் (பயணச் செயலிகள் படிக்கும் பொதுத் தரவு வடிவம்) கோப்பாக வெளியிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கோவையில் அரசுப் போக்குவரத்துக் கழக டவுன் பஸ்களோடு, பெர்மிட் பெற்ற தனியார் டவுன் பஸ்களும் ஓடுகின்றன. ஒரு தரப்பின் தரவை மட்டும் வைத்துச் செயலி செய்தால், கண்ணெதிரே வந்து நிற்கும் வண்டியை அது இல்லை என்றே காட்டும். பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டுமே என்பதால், அடுத்து வருவது யாருடைய வண்டி, எந்த வகை என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தனியார் பெர்மிட்டுக்கும் அனுமதிக்கப்பட்ட ஓட்ட நேரம் ஆர்டிஓ அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அரசு வண்டிகளின் நேரம் பணிமனைகளில் இருக்கிறது. இரண்டையும் இயந்திரம் படிக்கும் வடிவுக்கு மாற்றுவதே வேலை. தவறுகள் நுழைவதும் அங்கேதான்.

நேரத்தை 5.40 என்று புள்ளி வைத்து எக்ஸெல்லில் அடித்தால் அது எண்ணாகி 5.4 என்று நிற்கும். அடுத்து எடுப்பவர் அதை 5 மணி 4 நிமிடம் என்று படிப்பார். காலையா மாலையா என்பதும் அதில் தெரியாது. எனவே மாலை 5.40ஐ 17:40:00 என்றே பதிய வேண்டும். நள்ளிரவைத் தாண்டும் நடையின் (ஒருமுறை ஓட்டத்தின்) 12.15ஐ 24:15:00 என்று எழுத வேண்டும். 00:15:00 என்று எழுதினால் அந்த வண்டி புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்ததாகிவிடும். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றாமல் கொடுத்தால் ஊர்ப்பெயர்கள் பொருளற்ற எழுத்துக்களாகவே வந்து சேரும். பெர்மிட் பட்டியலில் முக்கிய இடங்களுக்கு மட்டும் நேரம் இருந்தாலும் போதும். முதல், கடைசி நிறுத்தங்களின் நேரம் கட்டாயம்; நடுவில் தெரியாததை ஊகித்து நிரப்பாமல் வெற்றாக விடலாம்.

நிறுத்தங்களுக்குத்தான் நேரடிக் களப்பணி தேவை. ‘காந்திபுரம்’ என்ற ஒரே சொல் டவுன் பஸ் நிலையத்தையும் குறிக்கும், மத்தியப் பேருந்து நிலையத்தையும் குறிக்கும், அரசு விரைவுப் பேருந்து நிலையத்தையும் குறிக்கும். இவற்றுக்குத் தனித்தனி அடையாள எண் வேண்டும். ஹோப் காலேஜ் என்று எழுதியிருப்பதைச் சனம் ஹோப்ஸ் என்கிறது; இரண்டில் எதைத் தேடினாலும் கிடைக்க வேண்டும். சாலையின் இரு பக்கமும் தனி நிறுத்தங்கள். அளவெடுப்பவர் பயணி ஏறும் இடத்தில் நின்று, அட்சரேகை, தீர்க்கரேகையை 5 தசம இலக்கம் வரை எடுக்க வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே ஏறத்தாழ 110 மீட்டர் தள்ளிப்போகும். எதிர்ப்புற நிறுத்தத்தில் போய் நிற்க அது தாராளம். ஒருமுறை கொடுத்த அடையாள எண்ணைப் பிறகு மாற்றக் கூடாது.

ஓடும் வண்டிகளின் நேரலை இருப்பிடத்தை இரண்டாம் கட்டமாகவே கேட்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பேருந்துகளுக்கு ஏஐஎஸ்-140 இருப்பிடக் கருவியை மத்திய மோட்டார் வாகன விதிகள் வலியுறுத்துகின்றன. ஆனால் எந்த வண்டி எந்த நடையில் ஓடுகிறது என்று இணைக்காவிட்டால் வரைபடத்தில் தெரிவது வெறும் புள்ளிதான். பழுதான வண்டிக்குப் பதில் ஸ்பேர் வண்டி போனால் அந்த இணைப்பு அறுந்துவிடும். நேரக் காப்பாளர் மாற்றத்தை அப்போதே பதிய வேண்டும். இருப்பிடம் 90 விநாடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. 2025இல் திறந்த 10.1 கி.மீ. அவிநாசி சாலை மேம்பாலத்தில், வண்டி மேலே போகிறதா, கீழே நிறுத்தங்களில் நின்று போகிறதா என்பதைப் புள்ளியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. தடக்கோட்டில் அது குறிக்கப்பட்டிருந்தால்தான் தெரியும்.

டைமிங் தகராறு வரும் என்று தனியார் உரிமையாளர்கள் தயங்கலாம். பெர்மிட் நேரம் அரசுப் பதிவு, ரகசியமல்ல. முன்னால் போகும் வண்டி எங்கே என்பதைக் கண்டக்டர்கள் செல்போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் செய்கிறார்கள். தெரியாமல் நிற்பவர் பயணி மட்டுமே. டெல்லியில் தனியார் நிறுவனங்கள் ஓட்டிய கிளஸ்டர் பேருந்துகளின் தரவும் 2018இல் திறந்த தளத்தில் வெளியிடப்பட்டது. ஓட்டுநர் பெயர், பயண அட்டை எண், பணி முடிந்தபின் வண்டி நிற்கும் இடம் ஆகியவற்றை நாங்கள் கேட்கவில்லை.

முதலில் அவிநாசி சாலைத் தடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆர்டிஓ, போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி ஆகிய மூன்றுக்கும் தலா ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டுகிறோம். கோப்பு நிலையான ஓர் இணைய முகவரியில், பதிவின்றி, யாரும் மறுபயன்பாடு செய்யும் உரிமத்துடன் இருக்க வேண்டும். நேரம் மாறுவதற்கு 7 நாள் முன்பே புதிய கோப்பு வர வேண்டும். நிறுத்த அளவீட்டையும் பிழை சரிபார்ப்பையும் கட்டணமின்றிச் செய்து தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்