தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு

அன்புள்ள அம்மா,

இங்கே நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலமா? தை மாதம் வருவதாக அப்பா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் விவரம் சொல்லலாம் என்றால், பாதிப் பேச்சில் பால் பொங்குது என்று ஓடிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆச்சிக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் தேதி. தை என்றால் தைதான், பங்குனிக்குத் தள்ளிப்போட வேண்டாம். மாசியிலிருந்து சித்திரை வரை இங்கே புகைக் காலம். சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளத் தட்டைகளை எரிப்பார்கள், காட்டிலும் தீப் பிடிக்கும். மலைகளுக்கு நடுவே ஊர் பள்ளமாக இருப்பதால் புகை வெளியே போக வழியில்லாமல் அப்படியே தங்கிவிடும். சில நாள் எதிரே நிற்கும் தொய் சுதெப் மலையே தெரியாது. அப்பாவின் இழுப்புக்கு அது ஆகவே ஆகாது. சித்திரைப் பிறப்பை ஒட்டி இவர்களுக்கும் புது வருஷம், சொங்கிரான் என்று ஊரே தெருவில் இறங்கித் தண்ணீர் ஊற்றி விளையாடும். மாம்பழமும் அப்போதுதான் வரும். என்ன செய்ய, நல்லதெல்லாம் புகையோடு சேர்ந்து வருகிறது. தையில் ராத்திரி 15 டிகிரிக்குக்கூட இறங்கும். ஆச்சிக்கு ஸ்வெட்டர் எடுத்து வை.

“அங்க கும்பிடச் சாமி உண்டாட்டி?” என்று ஆச்சி கேட்டாளாமே. கோயிலுக்கு இங்கே குறைவே இல்லை, தெருவுக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் புத்தர் கோயில். ஆனால் நம் பிள்ளையாரையும் பிரா பிகனேத் என்று கும்பிடுகிறார்கள். பழைய ஊரை மெங்ராய் ராஜா 1296-ல் கட்டினார். பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் வரும் சதுரம், நாலு பக்கமும் அகழி, அதில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. நடுவில் சேதி லுவாங் என்று பெரிய செங்கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. 1545-ல் நிலநடுக்கத்தில் மேல்பாதி சரிந்தது, அதைத் திரும்பக் கட்டாமலே விட்டிருக்கிறார்கள். பாங்காக் அரண்மனைக் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தாராம். சேதி லுவாங் வளாகத்தில் ஊர்க்காவல் தூண் இருக்கும் சின்னச் சன்னதிக்குள் பெண்கள் போகக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை தூரம் வந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறதே! ஆச்சியைக் கேட்டால் அது அப்படித்தான் என்பாள்.

தொய் சுதெப் கோயிலுக்கு மட்டும் காலை முழுவதையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து 15 கிலோமீட்டர், மலைப்பாதை. புத்தரின் எலும்புத் துண்டை வெள்ளை யானை மேல் வைத்துக் காட்டுக்குள் விட்டார்களாம். அது மலையேறி, ஓரிடத்தில் மூன்று முறை பிளிறி, அங்கேயே உயிரை விட்டது. அந்த இடத்தில் 1383-ல் கோயில் எழும்பியது. அப்புறம் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் சனங்கள் நடந்தேதான் ஏறியிருக்கிறார்கள். க்ரூபா ஸ்ரீவிச்சை என்ற பிக்கு ஊர் ஊராக ஆள் திரட்டி, கூலியில்லாமல் சில மாதங்களிலேயே பாதை போட்டு முடித்தார். அது 1935-ல். அடிவாரத்தில் அவர் சிலை இருக்கிறது. வண்டிக்காரர்கள் அங்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கியர் மாற்றுகிறார்கள். மேலே முந்நூற்றுச் சொச்சம் படி, இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவராக நீளமாக நாகம். உன் முட்டியை நினைத்துப் பயப்படாதே, படியேறாமல் ஆளை மேலே இழுத்துக்கொண்டு போகிற ரயில்பெட்டி மாதிரி ஒன்று இருக்கிறது. தாமரை மொட்டு, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு தங்கக் கோபுரத்தை மூன்று முறை வலம் வர வேண்டும். உட்காரும்போது காலைப் புத்தர் பக்கம் நீட்டக்கூடாது, இதை அப்பாவிடம் இரண்டு தடவை சொல்.

இனி சாப்பாடு. இது கொஞ்சம் கவனம். காய்கறிக் கூட்டு மாதிரித் தெரிவதில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், பப்பாளிக்காய் சாலடையும் விடமாட்டார்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கினால் அந்தக் கடை சைவம், முட்டைகூடக் கிடையாது. பூண்டு வெங்காயமும் போடமாட்டார்கள். அப்படி ஒரு கடையில்தான் காவோ சோய் சாப்பிட்டேன். கோழி போட்டுச் செய்வதுதான் வழக்கம், இங்கே காளான். மஞ்சளும் மிளகாயும் அரைத்துவிட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்கிற குழம்பு, உள்ளே நூடுல்ஸ், மேலே எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ் ஒரு கைப்பிடி. தொட்டுக்கொள்ள ஊறப்போட்ட கடுகுக்கீரை, எலுமிச்சைத் துண்டு, வறுத்த மிளகாய் விழுது. முதல் கரண்டியில் நம் ஊர்க் கல்யாண மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் சொதிதான் நினைவுக்கு வந்தது, கூட இஞ்சித் துவையல் இல்லாததுதான் குறை. அந்தக் கடைக்கார அக்கா எனக்கு மட்டும் மிளகாய் விழுதை இன்னொரு கிண்ணத்தில் வைத்துத் தருவாள், அப்பாவுக்கும் சொல்லி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தா பே வாசலிலிருந்து ராட்சதாம்னோன் சாலை முழுக்கக் கடை. கோயில் முற்றங்களிலும் அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆறு மணிக்குத் தேசிய கீதம் போட்டால் மொத்தக் கூட்டமும் நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெய்ச் சட்டியில் அரிகரண்டியைப் போட்டபடியே ஒரு பாட்டி விறைத்து நின்றாள், உள்ளே என்னவோ கருகிக்கொண்டிருந்தது, அவள் அசையவில்லை. பாட்டு முடிந்ததும் கருகியதை ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் போட்டாள்.

ஊருக்குள் சுற்றச் சிவப்பு வண்டி இருக்கிறது, ஷேர் ஆட்டோ மாதிரி ஏறிக்கொள்ளலாம். எங்கே போகணும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இறங்க மணியை அழுத்தினால் போதும்.

வரும்போது பாங்காக்கில் ஒரு நாள் தங்கலாம். சீலோம் சாலையில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆச்சிக்கு அங்கே மனசு நிறையும். அங்கிருந்து ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் இங்கே வந்துவிடலாம். கீழ் பெர்த் உனக்கும் ஆச்சிக்கும்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் நாலு கட்டு எடுத்து வா. நார்த்தங்காய் ஊறுகாயைப் பெரிய பெட்டிக்குள் வை, கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். அல்வா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆச்சி பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்ததா? அது முடிந்தால்தான் டிக்கெட் போட முடியும், அப்பாவை உடனே சொல்லச் சொல்.

உன் அன்பு மகள்